செல்லத்தோடு விமானப் பயணம்: ஆபத்து ஆகாயத்தில் இல்லை!

2021 செப்டம்பரில் ஒரு நாள் காலை, மும்பையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் வகுப்பு இருக்கைகள் 12-ஐயும் ஒரே ஆள் வாங்கியிருந்தார். கூட வந்தது ஒரு மால்டீஸ் நாய். ஓர் இருக்கைக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய். ஆகமொத்தம் இரண்டரை லட்சத்தை ஒட்டி ஆகியிருக்கும் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. நாய் சொகுசாக மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியது.

அந்தச் செய்தியில் ஒரு வேடிக்கை உண்டு. மால்டீஸ் என்பது மூன்று, நான்கு கிலோவைத் தாண்டாத பொம்மை நாய். ஒரு பைக்குள் உட்காரவைத்து, காலடியில் வைத்துக்கொண்டு, சாதாரண டிக்கெட்டிலேயே கூட்டி வந்திருக்கலாம். விதி அப்போதே அதற்கு இடம் கொடுத்தது. இரண்டரை லட்சம் வாங்கித் தந்தது பக்கத்தில் யாரும் இல்லை என்ற நிம்மதியைத்தான். நாயோ பூனையோ விமானம் ஏறும்போது உயிரை வாங்கக்கூடிய விஷயங்கள் வேறு. தார்ச்சாலையின் வெயில் ஒன்று, காகிதத்தில் பிசகிப்போன தேதி மற்றொன்று. இரண்டையும் பணத்தை வீசிச் சரிக்கட்ட முடியாது.

இன்று இந்த விஷயம் பணக்காரர் வீட்டுச் சமாசாரமாக மட்டும் இல்லை. பெங்களூருக்கு மாற்றலாகும் வங்கி ஊழியர், ஜெர்மனியில் வேலை கிடைத்த ஐ.டி. தம்பதி, மகள் வெளிநாடு போனதும் அவள் வளர்த்த பூனையோடு தனித்து நிற்கும் பெற்றோர் என்று பலரும் கேட்கிற கேள்வி இது: "இதையும் கூட்டிக்கிட்டுப் போக முடியுமா?" முடியும். ஆனால், டிக்கெட் போடுவதற்குப் பல மாதம் முன்பே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

உள்நாட்டில் யார் ஏற்றுவார்கள்?

நாட்டிலேயே அதிக விமானங்களை ஓட்டும் இண்டிகோவில் செல்லப்பிராணிக்கு இடமில்லை. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற சேவை நாய்களுக்கு மட்டுமே விலக்கு. ஏர் இந்தியா நெடுங்காலமாக ஏற்றிவருகிறது. 2022 நவம்பரில் ஆகாசா ஏர் நாய், பூனைகளுக்குக் கதவைத் திறந்தது. தொடக்கத்தில் கேபினுக்கு ஏழு கிலோ என்றார்கள். பிறகு அது பத்து கிலோ ஆனது. இந்த எடை பையோடு சேர்த்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் நாயை மட்டும் தூக்கி எடை பார்த்துவிட்டு வந்து, செக்-இன் கவுன்ட்டரில் பையின் ஒன்றரைக் கிலோவால் மாட்டிக்கொள்கிறார்கள். எடை, கட்டணம், ஒரு விமானத்தில் எத்தனை பிராணி என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். அதனால் இணையத்தில் யாரோ எப்போதோ எழுதியதை நம்பாமல், டிக்கெட் எடுக்கும் முன்பே வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிவிடுவதுதான் சரி. கேபினில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பிராணிகளுக்கு மேல் விடமாட்டார்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் பதிவு செய்துவிட்டால் முடிந்தது கதை. எல்லாம் சரியாக இருந்தும் கடைசி வார்த்தை விமானியுடையது. அவர் மறுத்தால் மறுத்ததுதான்.

ரயிலில் போகலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வகுப்பு ஏ.சி.யில் முழு கூபேயையும் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப்பெட்டிதான். அந்த இரும்புப் பெட்டிக்குள் ஓர் இரவு என்பதைவிட, இரண்டு மணி நேர விமானம் பல நாய்களுக்கு எவ்வளவோ மேல்.

கேபினில் போகும் பூனைக்கு நெருக்கடியான இடம் எது தெரியுமா? பாதுகாப்புச் சோதனை. பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் விட வேண்டும். பூனையை விட முடியாது. ஆகவே வெளியே எடுக்கச் சொல்வார்கள். ட்ரேக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே முன்னே நகரும் ஆட்கள், தலைக்கு மேல் ஒலிபெருக்கி. வீட்டில் மிக்ஸி போட்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிற பூனை அது. நகத்தை விரித்து உங்கள் சட்டையைப் பற்றிக்கொண்டு தோளுக்கு ஏறும். பிடி ஒரு நொடி தளர்ந்தால் தாவிவிடும். அப்புறம் அது எந்தக் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் போய் ஒளியும் என்று யாராலும் சொல்ல முடியாது. விமானத்தையும் விட்டுவிட்டுத் தேட வேண்டியதுதான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பூனைக்கு ஹார்னஸ் மாட்டி, கயிற்றின் நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது இதற்காகத்தான். தனி அறையில் வைத்துச் சோதிக்கும்படி கேட்கவும் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விமானத்தின் வயிற்றுக்குள்

பத்து கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்குச் சரக்கறைதான். "லக்கேஜோடு லக்கேஜாகவா?" என்று பதறுகிறவர்கள் உண்டு. பிராணிகளை வைக்கும் அறையில், மேலே நாம் உட்கார்ந்திருக்கும் கேபினில் உள்ள அதே காற்றழுத்தம்தான் இருக்கும். வெப்பமும் காற்றோட்டமும் உண்டு. அந்த வசதி இல்லாத விமான ரகங்களில் பிராணிகளை ஏற்றவே மாட்டார்கள். உயிருள்ள பிராணி கீழே இருக்கிறது, இந்த அறையில் இருக்கிறது என்று புறப்படுமுன் விமானிக்கு எழுத்தில் தெரிவிக்கப்படுகிறது. ஆக, பறக்கும் நேரம் பெரிய கண்டமில்லை. இருட்டும் இரைச்சலும் பயமுறுத்தும்தான். ஆனாலும் பெரும்பாலான நாய்கள் விமானம் நேராகப் பறக்கத் தொடங்கியதும் சுருண்டு படுத்துவிடும்.

கண்டம் தரையில் காத்திருக்கிறது. கூண்டை ஒப்படைத்த பிறகு அது சரக்குக் கூடத்திலும், தள்ளுவண்டியிலும், விமானத்துக்குப் பக்கத்தில் தார்த் தளத்திலும் காத்திருக்க நேரும். சித்திரை வெயிலில் மீனம்பாக்கத்துத் தளத்தில் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நிற்க முடியுமா? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவே. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அதன் குளிர்சாதனம். கூண்டுக்குள் காற்று சுடச் சுட இருந்தால், இரைக்க இரைக்க உடம்பு சூடாகுமே தவிரக் குளிராது.

தரையில் வெப்பநிலை 29.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நாயை ஏற்ற மறுப்பது பல அமெரிக்க விமான நிறுவனங்களின் வழக்கம். அந்த விதியைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் பங்குனியிலிருந்து ஆவணி வரை பகலில் ஒரு நாயும் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது! நல்லவேளையாக இங்கிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. உள்நாட்டுக்கும் விடியற்காலை அல்லது இரவு விமானத்தையே தேர்ந்தெடுங்கள். ஐநூறு ரூபாய் கூடுதலானாலும் நேரடி விமானமே நல்லது. ஒவ்வொரு மாறுதலும் இன்னொரு தார்த் தளக் காத்திருப்பு. கூடவே, கூண்டு தவறிப்போகும் வாய்ப்பும் ஒன்று கூடுகிறது.

தவறிப்போவதாவது என்று சிரிக்க வேண்டாம். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கான்ஸஸ் சிட்டிக்குப் போக வேண்டிய ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு ஜப்பானில் போய் இறங்கியது. ஜப்பானுக்குப் போக வேண்டிய கிரேட் டேன் கான்ஸஸ் சிட்டிக்கு வந்து சேர்ந்தது. டென்வரில் விமானம் மாறும்போது நடந்த குளறுபடி. யுனைடெட் ஏர்லைன்ஸ் அந்த ஜெர்மன் ஷெப்பர்டைத் தனி விமானத்தில் கொண்டுவந்து ஒப்படைத்தது. அதே வாரம், அதே நிறுவனத்தின் ஹூஸ்டன்–நியூயார்க் விமானத்தில் நடந்ததோ சிரிக்கக்கூடியதல்ல. பத்து மாத பிரெஞ்சு புல்டாக் குட்டி ஒன்றைப் பையோடு தலைக்கு மேலுள்ள சாமான் அறையில் வைக்கும்படி பணிப்பெண் சொல்ல, குடும்பம் அப்படியே செய்தது. விமானம் தரையிறங்கியபோது குட்டிக்கு உயிரில்லை. சீருடையில் இருப்பவர் சொன்னாலும் சில விஷயங்களுக்கு முடியாது என்று சொல்லத்தான் வேண்டும்.

சப்பை மூக்கின் சங்கடம்

இறந்தது பிரெஞ்சு புல்டாக் என்பதை லேசாக விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் தங்கள் பொறுப்பில் இறந்த, காயமுற்ற, காணாமல்போன பிராணிகளின் கணக்கை 2005 முதல் அரசுக்குத் தர வேண்டும். அதன் முதல் ஐந்தாண்டுக் கணக்கை 2010-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வெளியிட்டது. இறந்த நாய்கள் 122. அவற்றில் ஏறத்தாழப் பாதி சப்பை மூக்கு இனங்கள். இங்கிலீஷ் புல்டாக் மட்டும் 25, பக் 11.

காரணம் எளிது. பக், புல்டாக், பாக்ஸர், ஷீட்ஸு போன்றவற்றின் முகத்தை மனிதன் தன் ஆசைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சுருக்கிக்கொண்டே வந்தான். முகம் சுருங்கியது; உள்ளே இருக்கும் தசை சுருங்கவில்லை. மூச்சு போகும் வழி இடுக்காகிவிட்டது. வீட்டில் சோபாவில் படுத்திருக்கும்போதே குறட்டை விடும் அந்த நாய், பயத்தில் வேகவேகமாக இரைத்தால் தொண்டைத் தசை வீங்கி, இருக்கிற வழியும் அடைபடும். பெர்ஷியன், ஹிமாலயன் பூனைகளுக்கும் இதே கதிதான். பல நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்கறையில் ஏற்றுவதையே நிறுத்திவிட்டன.

2003-ல் ஹட்ச் செல்போன் சேவை விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிய பக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு பக் வந்தது. நம் வெயிலுக்குச் சற்றும் ஒத்துவராத உடம்பு அதற்கு. இந்தப் பக்கம் பாருங்கள்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்டிய இனங்கள். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு. விமானத்தின் எந்த அறையிலும் ஒழுங்காக மூச்சுவிடக்கூடியவை இவைதான். ஆனால் எடையும் உயரமும் இடிப்பதால் இவற்றுக்குக் கேபினில் இடம் கிடையாது. மூச்சுவிடத் திணறும் பக் காலடியில் உட்கார்ந்து வருகிறது. சரக்கறைக்குப் போக நேர்ந்தாலும் தாங்கும் என்று நான் தைரியமாகச் சொல்லக்கூடியது சிப்பிப்பாறையைத்தான்.

"ஒரு தூக்க மாத்திரை கொடுத்துடுங்க டாக்டர், நிம்மதியா தூங்கிட்டே வந்துடும்" என்று கால்நடை மருத்துவரிடம் கேட்பவர்கள் ஏராளம். கேட்காதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மூச்சை மந்தமாக்கும். கூண்டு ஆடும்போது காலூன்றி நிற்க விடாது. மேலே போனபின் உடம்பு அதை எப்படி ஏற்கும் என்று கணிக்க முடியாது. கீழே எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் இதை வேண்டாம் என்கிறது. மயங்கிய பிராணி என்று தெரிந்தால் பல நிறுவனங்கள் ஏற்றவே மறுக்கும். கேபினில் வரும் மிகவும் பயந்த சுபாவமுள்ள பூனைக்கு மருத்துவரே பார்த்து லேசான மருந்து எழுதித் தருவது உண்டு. அதைப் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு வீட்டில் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். மாத்திரையைவிட நம்பகமானது பழக்கம்தான். கூண்டைப் பயணத்துக்கு முந்தின நாள் வாங்காமல், இரண்டு மாதம் முன்பே வாங்கி ஹாலில் கதவைத் திறந்து போட்டுவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டை அதற்குள் வையுங்கள். மதியத் தூக்கத்துக்கு அதுவாகப் போய் அதற்குள் படுக்கும் நாள் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அளவு நாடாவை எடுங்கள்

கூண்டின் அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாயைச் சமதரையில் நேராக நிற்கவைத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும். பிறகு முன்னங்காலில் தரையிலிருந்து முழங்கை வரை. இரண்டாவதில் பாதியை முதல் அளவோடு கூட்டினால் கூண்டின் நீளம். தோள்பட்டையின் அகலத்தை இரட்டித்தால் கூண்டின் அகலம். காது நுனியோ தலை உச்சியோ, எது உயரமோ அதுவரை உயரம்; விரிப்பின் கனத்தையும் சேர்க்க வேண்டும். சப்பை மூக்கு என்றால் எல்லாவற்றிலும் பத்து சதவீதம் கூட்டு. இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் பிஸ்கட்டைக் காட்டி நாயை நிற்கவைக்க, இன்னொருவர் தையல்காரர் நாடாவோடு தரையில் மண்டியிட வேண்டும்.

ஒரு லாப்ரடாரை எடுத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து வால்வரை 90 செ.மீ., முழங்கை உயரம் 30 செ.மீ. என்றால் கூண்டு 105 செ.மீ. நீளம். தோள் 28 செ.மீ. என்றால் அகலம் 56. உயரம் 75 என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கூண்டைச் சரக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது நாயின் எடைக்குக் காசு வாங்க மாட்டார்கள். கூண்டு அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு வாங்குவார்கள். மூன்று அளவையும் பெருக்கி 6,000-ஆல் வகுப்பது வழக்கம். வருவது 73.5 கிலோ! 30 கிலோ நாய்க்கு 73 கிலோ சரக்குக் கட்டணம். பில்லைப் பார்த்து மயங்கி விழாமல் இருக்க இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். செலவைக் குறைக்கச் சின்னக் கூண்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தால், நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் முடியாத கூண்டைக் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளாஸ்டிக் கொக்கி சேர்த்துப் பிடித்திருக்கிறதா, இரும்பு நட்டு போல்ட்டா என்றும் பாருங்கள். நட்டு போல்ட்டுதான் செல்லும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டால், ஏற்றும்போது சிந்தாது. மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும். விரிப்புக்குப் புதுத் துணி வேண்டாம். நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய பனியனோ நைட்டியோ போதும். கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பு வயிறு முட்டச் சாப்பாடு போடாதீர்கள்.

முதலில் சிப், பிறகு ஊசி

வெளிநாடு என்றால் கதையே வேறு. உலகம் நம் நாயைப் பார்த்துப் பயப்படுகிறது; காரணம் வெறிநாய்க்கடி நோய். இந்தியா இன்னும் அந்த நோய் ஒழியாத நாடு. ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் போன்றவை அதை அண்டவிடாமல் வைத்திருக்கும் தீவுகள். நாயிடம் நோய் வெளியே தெரியப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இன்று துள்ளிக் குதிக்கும் நாய்க்குள் கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம். "காத்திரு" என்று ஒவ்வொரு நாடும் சொல்வதன் காரணம் இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 15 இலக்க மைக்ரோசிப். அரிசி அளவு கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி முதலில், சிப் பிறகு என்றால் அந்த ஊசி செல்லாது. எந்த நாய்க்கு ஊசி போட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லை அல்லவா? வருடா வருடம் தவறாமல் ஊசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்கூட இந்த ஒரு வரிசை மாறியதால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டைட்டர் டெஸ்ட் என்பார்கள். எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். தேறியதும் கிளம்பிவிட முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, சிப் போட்ட நாளிலிருந்து குறைந்தது நான்கு மாதம்.

இங்கேதான் நம் ஐ.டி. தம்பதி தவிக்கிறார்கள். நிறுவனம் சில வாரங்களில் வந்து சேரச் சொல்கிறது. நாயோ நான்கு மாதம் கேட்கிறது. பெரும்பாலும் நடப்பது, நாயை மதுரையிலோ திருச்சியிலோ தாத்தா பாட்டியிடம் விட்டுப் போவது. "நீ போய் வா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று பாட்டி சொல்லிவிடுவார். பிறகு யார் கூட்டிப் போவது? சொந்தக்காரர் பயணம் செய்யும் நாளுக்கும் பிராணி பயணம் செய்யும் நாளுக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஐரோப்பா அதை வியாபாரச் சரக்காகக் கருதும். அதற்கான விதிகள் இன்னும் கடுமை. ஆகவே, இருவரில் ஒருவர் திரும்பி வந்து கூட்டிப் போவதே பல குடும்பங்களில் முடிவாகிறது. பிட்புல், ஸ்டாஃபர்ட்ஷயர் வகை நாய்களை ஜெர்மனி உள்ளேயே விடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனுக்குக் கேபினில் கொண்டுபோக முடியாது. இரண்டு கிலோ குட்டியானாலும் முறைப்படி சரக்காகத்தான் போக வேண்டும். நாய் என்றால், போய்ச் சேர்வதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்து மருத்துவரின் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதியை இறுக்கியது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு அனுமதி இல்லை. இந்தியாவில் ஊசி போட்ட நாய், பதிவு பெற்ற பராமரிப்பு மையம் உள்ள நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா போன்ற சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம். டைட்டர் அறிக்கை இல்லாவிட்டால் அங்கே 28 நாள் தனிமை. பூனைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, விதி நாய்க்குத்தான். சிங்கப்பூரில் தனிமைக் காலத்தை முடித்து வெளியே வந்தாலும் அங்குள்ள அரசு வீட்டு வசதி வாரியத்தின் விதி காத்திருக்கிறது. வாரியத்தின் அடுக்குமாடி வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றுதான். பூனைக்கோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் தடை. 2024 செப்டம்பரில்தான் வீட்டுக்கு இரண்டு பூனை என்று இறங்கிவந்தார்கள்.

எல்லாவற்றிலும் கறார் ஆஸ்திரேலியா. இந்தியாவிலிருந்து நேரடியாக நாயையோ பூனையையோ அனுமதிப்பதில்லை. அவர்கள் அங்கீகரித்த மூன்றாவது நாடு ஒன்றில் சில மாதம் வைத்திருந்து, அங்கிருந்துதான் போக வேண்டும். பிறகு மெல்பர்ன் அருகே மிக்கில்ஹாமில் தனிமை. செல்வாக்கு எடுபடுமா? 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் இரண்டு யார்க்‌ஷயர் டெரியர்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுபோனார்கள். நாட்டைவிட்டு நாய்கள் வெளியேற வேண்டும், இல்லையென்றால் கொல்லப்படும் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் கெடு வைத்தார். நாய்கள் திரும்பிப் பறந்தன. வழக்கு நடந்து, மறு ஆண்டு தம்பதி இருவரும் கேமரா முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

இங்கிருந்து கிளம்பும்போது கடைசிச் சான்றிதழ் தருவது மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம். சென்னைக்கு அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் ஊசி அட்டையும் மட்டும் போதாது, நாயையும் நேரில் கூட்டிப்போக வேண்டும். சிப் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அங்கே நின்றுவிடும். எல்லாக் காகிதத்திலும் அந்த 15 இலக்கத்தை நீங்களே ஒருமுறை விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பி வருவது

வெளிநாட்டில் வளர்த்ததைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருகிறவர் இரண்டு பிராணிகளைக் கொண்டுவரலாம். முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்கியிருக்க வேண்டும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத் போன்ற குறிப்பிட்ட சில விமான நிலையங்கள் வழியாகத்தான் வர முடியும். திருச்சிக்கு நேரே சிங்கப்பூர் விமானம் இருக்கிறதே என்று பூனையோடு ஏறிவிட முடியாது.

விதி வளைந்த சந்தர்ப்பமும் உண்டு. 2022-ல் உக்ரைன் போரின்போது நம் மாணவர்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். சிலர் நாயையும் பூனையையும் விட்டுவர மறுத்துவிட்டார்கள். கேரள மாணவி ஒருவர் சைபீரியன் ஹஸ்கி குட்டியைத் தூக்கிக்கொண்டே எல்லை தாண்டியது நாடெங்கும் பேசப்பட்டது. மத்திய அரசு ஒரு தடவைக்கு மட்டும் என்று காகித விதிகளைத் தளர்த்தி, அந்தப் பிராணிகளை மீட்பு விமானங்களில் ஏற அனுமதித்தது.

எல்லாம் சரி, கூட்டிப் போகத்தான் வேண்டுமா?

மூன்று வாரச் சுற்றுலாவுக்கு என்றால் வேண்டாம் என்பேன். குறிப்பாகப் பூனையை. அது ஆட்களைவிடத் தன் இடத்தோடு ஒட்டுகிற பிராணி. சமையலறை ஜன்னல் திண்டும் அதற்குத் தெரிந்த மணமும் இருந்தால், பக்கத்து வீட்டு அக்கா வந்து சாப்பாடு வைத்தாலே போதும். நாய்க்கு மனிதர்கள் முக்கியம் என்பதால் யோசிக்கலாம். பத்து வயது தாண்டியது, இதயக் கோளாறு உள்ளது, சரக்கறையில் போக வேண்டிய பக் ஆகியவற்றை நிரந்தர இடமாற்றத்துக்குக்கூட விமானத்தில் ஏற்றத் தயங்க வேண்டும். நல்ல கைகளில் ஒப்படைத்துவிட்டுப் போவது துரோகமாகாது. கிளம்பும் முந்தின நாள் தெருவில் அவிழ்த்துவிட்டுப் போகிறார்களே, துரோகம் அது.

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. அமெரிக்காவைப் போல, விமானங்களில் இறந்த, காயமுற்ற, காணாமல்போன பிராணிகளின் கணக்கை இங்கும் மாதாமாதம் வெளியிட வைக்க வேண்டும். கணக்கு வெளியே வந்தால்தான் தார்த் தளத்தில் கூண்டை வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் நிற்கும்.

உங்களுக்கு ஒன்று. ஜூனில் ஐரோப்பா கிளம்புவதாக இருந்தால், மைக்ரோசிப்பை ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். ஊசி அதற்குப் பிறகு.